ஒரே எண், வேறு வரலாறு

பாரிஸில் சொர்போன் சதுக்கமும் சேன் மிஷெல் பெருஞ்சாலையும் சந்திக்கிற முனையில் இப்போது புத்தகக் கடை இல்லை. பிரெஞ்சுப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கடை அங்கேதான் இருந்தது. பல தலைமுறை மாணவர்கள் வகுப்பு முடிந்த கையோடு அதற்குள் நுழைந்து வெளிவந்திருக்கிறார்கள். 1999-ல் அதை மூடினார்கள், இடம் துணிக்கடைக்குப் போயிற்று. 2016-ல் அதே பதிப்பகம், நடந்து போகிற தூரத்தில், மிசியு லெ பிரான்ஸ் தெருவில் சிறிய கடை ஒன்றைத் திறந்தது. கேட்ட புத்தகத்தை, வந்தவர் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் அச்சிட்டு ஒட்டிக் கொடுக்கிற இயந்திரத்தை அங்கே நிறுவினார்கள். பழைய நூலின் எழுத்துகளை அப்படியோர் இயந்திரம் திருப்பித் தரக்கூடும். பழைய பிரதியைத் தராது. எனக்கு வேண்டியிருந்தது பழைய பிரதி.

அந்தப் பதிப்பகத்தின் 'கெ சேஜ்' என்ற நூல்வரிசையைப் பிரான்சில் பள்ளி முடித்த எவரும் அறிவார்கள். 'எனக்கு என்ன தெரியும்?' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். 16-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் மோந்தேன் தன் குறிமொழியாக வைத்துக்கொண்ட கேள்வி அது. சொர்போனுக்கு எதிரே, எக்கோல் தெருவின் ஓரத்தில் மோந்தேனின் சிலை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ரியோ டி ஜெனிரோவின் மலையுச்சியில் கைவிரித்து நிற்கும் கிறிஸ்துவை வடித்த பால் லாந்தோவ்ஸ்கிதான் இதையும் செய்தவர். தேர்வுக்குப் போகும் மாணவர்கள் மோந்தேனின் பாதணியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தொட்டுத் தொட்டு அந்த ஒரு கால் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. நானும் தொட்டேன். தேடிப் போகிற புத்தகம் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதல் தேர்வு வேண்டுதலுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

1921-ல் பேராசிரியர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தொடங்கியது அந்தப் பதிப்பகம். அதன் தலைவராயிருந்த பால் அங்குல்வான் 1941-ல் இந்த வரிசையைத் தொடங்கினார். ஆண்டைக் கவனிக்க வேண்டும். பாரிஸ் அப்போது ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் பங்கீடு, காகிதத்துக்கும் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் அவர் வகுத்த விதி எளிமையானது: ஒரு பொருள், அதில் ஊறிய ஓர் அறிஞர், 128 பக்கம். பதினாறு பக்கப் பாரம் எட்டு, அதற்குமேல் ஒரு பக்கமும் கிடையாது. முதலில் வந்தது மோரிஸ் கோல்ரி எழுதிய உயிரியல் வரலாறு. இன்று ஏறத்தாழ நாலாயிரம் தலைப்புகள் சேர்ந்துவிட்டன. நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்புகள் உண்டு. அட்டையில் திசைகாட்டிச் சின்னம். பழைய பிரதிகளில் வரிசையின் பெயருக்குக் கீழே, இன்றைய அறிவு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் நூல்கள் இவை என்று ஒரு வரி இருக்கும்.

அந்த 'இன்றைய' என்ற சொல்லைத் துரத்திக்கொண்டுதான் நான் பாரிஸ் வரை வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு குடும்பம் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தாலோ, பிரெஞ்சு படித்த பெரியவர் காலமானாலோ, அவர்கள் வீட்டு அலமாரி பழைய பேப்பர்க் கடைக்கு வரும். என் சேகரிப்பு அங்கே தொடங்கியது. முதலில் கண்டதையெல்லாம் வாங்கினேன். பிறகு வரலாறு மட்டும் என்று சுருக்கிக்கொண்டேன். பைசாந்தியம், வெனிஸ், சிலுவைப் போர்கள், பிரெஞ்சுப் புரட்சி, பண்டைய சீனம் என்று சட்டைப்பையில் அடங்குகிற வரலாறுகள். ஒரு ரயில் பயணத்தில் ஒரு பேரரசு எழுந்து விழுந்துவிடும். அந்தச் சுருக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பு வரும். ரெனே க்ருசே சிலுவைப் போர்களைப் பற்றி 1934 முதல் 1936 வரை மூன்று பெருந்தொகுதிகள் எழுதியவர். 1944-ல் அதே பொருளில் 128 பக்கத்துக்குள் ஒரு நூல் தந்தார். எதை விடுவது என்று ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்காமல் அப்படி எழுத முடியாது. முப்பது ஆண்டு படித்தவருக்கே அந்த முடிவெடுக்கும் உரிமை வாய்க்கிறது.

க்ருசேயின் அந்த நூலுக்கு எண் 157. இந்த வரிசையில் ஒவ்வொரு நூலுக்கும் எண் உண்டு; சேகரிப்பவர்கள் எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். ஒரு முறை எனக்கு இரண்டு 157-கள் கிடைத்தன. இரண்டுக்கும் தலைப்பு 'சிலுவைப் போர்கள்'. இரட்டைப் பிரதி என்று ஒன்றைத் தள்ளி வைக்கப் போனவன் ஆசிரியர் பெயரைப் பார்த்தேன். ஒன்றில் க்ருசே. மற்றதில் செசில் மொரிசோன், 1969. அவர் பைசாந்திய நாணயங்களை ஆராய்ந்த அறிஞர். சிலுவை தரித்துப் புறப்பட்ட மேற்கத்திய வீரர்களோடு கூடவே பயணம் செய்த வரலாறு ஒன்று. அந்த வீரர்கள் வந்து நின்ற ஊர்களை, குறிப்பாக 1204-ல் அவர்கள் கொள்ளையிட்ட கான்ஸ்டான்டிநோபிளை, உள்ளேயிருந்து அறிந்த ஒருவர் எழுதிய வரலாறு மற்றொன்று. பதிப்பகம் எண்ணை மாற்றவில்லை, தலைப்பை மாற்றவில்லை. வரலாற்றை மாற்றிவிட்டது.

அன்று முதல் என் பட்டியலே வேறாகிவிட்டது. வரிசையை முழுமையாகச் சேர்ப்பது என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நூல் என்று நினைத்திருந்தேன். அப்படிச் சேர்த்தால் கிடைப்பது ஒரு காலத்தின் அறிவு மட்டும். ஓர் எண்ணின் கீழ் வந்த எல்லா நூல்களையும் சேர்த்தால்தான் அறிவு எப்படி நகர்ந்தது என்பது கையில் கிடைக்கும். நூலகங்கள் புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிடுகின்றன. மாணவர்களுக்குப் பழையது வேண்டாம். கடைக்காரர்களுக்கு அது இடத்தை அடைக்கும் சரக்கு. ஒதுக்கப்பட்ட அந்தப் பிரதிகள்தான் எனக்கு வேண்டியவை. அவை ஊரை விட்டு ஊர் அதிகம் பயணிப்பதில்லை. தேடுகிறவன்தான் போக வேண்டும்.

சேன் ஆற்றின் கரைச்சுவரில் பச்சைப் பெட்டிகளைப் பூட்டி வைத்துப் புத்தகம் விற்பவர்களைப் பற்றி எழுதாத பயணி இல்லை. வலக்கரையில் மரி பாலத்திலிருந்து லூவ்ர் வரை, இடக்கரையில் தூர்னெல் துறையிலிருந்து வோல்தேர் துறை வரை, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு அந்தப் பெட்டிகள். 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக அவற்றில் பெரும்பகுதியை அகற்றத் திட்டமிட்டார்கள். விற்பனையாளர்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுக்காக நான் புதுச்சேரியில் இருந்தபடியே மகிழ்ந்தேன். ஆனால் போய்ப் பார்த்தால் பல பெட்டிகளில் ஈஃபல் கோபுரச் சாவிவளையமும் காந்த வில்லையும்தான் முன்வரிசையில் இருக்கின்றன. வாடகை கொடுக்காமல் ஆற்றோரம் நின்றாலும் பழம்புத்தகம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்ற உண்மை அந்தச் சாவிவளையங்களில் தொங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டியின் அடியில், பொம்மைகளுக்குப் பின்னால், ஒல்லியான முதுகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குனிந்து, தலையைச் சாய்த்து, எண்களைப் படித்துக்கொண்டே நகர வேண்டும். மாலையில் கழுத்து வலிக்கும்.

அப்படிக் குனிந்து நகர்கையில்தான் 398 கிடைத்தது.

ஆந்த்ரே மாசோன் எழுதிய 'இந்தோசீன வரலாறு', 1950. மாசோன் ஹனோயில் பிரெஞ்சு ஆட்சியின் ஆவணக் காப்பகத்தையும் நூலகங்களையும் பார்த்துக்கொண்டவர். பிரெஞ்சுப் படைகள் வியட்மின் விடுதலை இயக்கத்தோடு போரிட்டுக்கொண்டிருந்த நாளில், தலைப்பில் அந்தப் பேரரசுப் பெயரைத் தாங்கி இந்த நூல் வெளியாயிற்று. 1954 மே 7-ல் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் பூ வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவாவில் உடன்படிக்கை. 1960-ல் அதே மாசோன், அதே வரிசையில், அதே 398-ஆம் எண்ணில் இன்னொரு நூல் தந்தார். அதன் தலைப்பு 'வியட்நாம் வரலாறு'. நாடு ஒன்று மறைந்து இன்னொன்று எழுந்ததை அந்த எண்ணைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. ஒரு போர், ஓர் உடன்படிக்கை, ஆயிரமாயிரம் சாவு எல்லாம் இரண்டு முன்னட்டைகளுக்கு நடுவே இருக்கின்றன.

புதுச்சேரிக்காரனுக்கு அந்த நூல் வெறும் சேகரிப்புப் பொருளாக இருக்க முடியாது. எங்கள் ஊரிலும் காரைக்காலிலும் 'சைகோன் வீடு' என்று சொல்லப்படுகிற வீடுகள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் சிப்பாய்களாகவும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் இந்தோசீனத்துக்குப் போன தமிழர்கள் பலர். வட்டிக்கடை நடத்தப் போன நகரத்தார் தனி. சைகோனில் இன்றும் மாரியம்மன் கோயில் இருக்கிறது. போர் மூண்ட பிறகு வீடு திரும்பியவர்களும் உண்டு, அங்கிருந்து நேரே பிரான்சுக்குப் போனவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் பாட்டிகள் மீன்குழம்போடு நூக் மாம் என்ற வியட்நாமிய மீன்சாற்றின் மணத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். 1950-க்கும் 1960-க்கும் நடுவில் தலைப்பு மாறியபோது அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விற்றவர் வயதான பெண்மணி. விலையை உரக்கச் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு யூரோ. இதன் ஜோடி, 1960-ஆம் ஆண்டுப் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன் நான்கு பெட்டிகளையும் எனக்காகக் கலைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

பதினைந்தாம் வட்டாரத்தில் ழோர்ழ் பிராசென்ஸ் பூங்காவின் ஓரம் சனி, ஞாயிறுகளில் பழம்புத்தகச் சந்தை கூடுகிறது. ஒரு காலத்தில் அது வோழிரார் இறைச்சிக்கூடத்தின் குதிரைச் சந்தை. இரும்புத் தூண்களும் ஓட்டுக்கூரையும் அப்படியே இருக்கின்றன, குதிரைகள் நின்ற இடத்தில் பலகைகளின் மேல் புத்தகங்கள். ஆற்றங்கரைக்கு வருவது வேடிக்கை பார்க்கும் கூட்டம். இங்கே வருகிறவர்கள் பட்டியலோடு வருகிறார்கள். பேச்சு குறைவு. ஒருவர் கையிலெடுத்த நூலை அவர் கீழே வைக்கும்வரை மற்றவர் தொடுவதில்லை. இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இங்கே 142-ஐத் தேடினேன். 'பிரெஞ்சுப் புரட்சி'. 1965-ல் அதை எழுதியவர் அல்பேர் சொபூல். பாரிஸின் ஏழைக் கைவினைஞர்களும் கடைக்காரர்களும் புரட்சியை எப்படி உந்தினார்கள் என்று ஆவணங்களில் ஆண்டுக்கணக்காகப் புதைந்து கிடந்து எழுதியவர், மார்க்சியர், இரண்டே ஆண்டில் சொர்போனில் புரட்சி வரலாற்றுக்கான பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தார். அவர் பார்வையில் புரட்சி என்பது ஒரு வர்க்கம் இன்னொன்றை வீழ்த்தி எழுந்த கதை. பிறகு காற்று மாறியது. 1978-ல் ஃபிரான்சுவா ஃபுயுரே அந்தப் பார்வையை நேருக்கு நேர் எதிர்த்தார். 1982-ல் சொபூல் மறைந்தார். 1989, புரட்சியின் இருநூறாம் ஆண்டு. பாரிஸே விழாக்கோலம் பூண்டிருந்த அந்த ஆண்டில் 142-ஆம் எண்ணில் வந்த நூலின் ஆசிரியர்கள் மூவர்: ஃபிரெதெரிக் ப்ளூஷ், ஸ்தெஃபான் ரியால், நெப்போலியன் ஆய்வாளர் ழான் த்யூலார். முதல் இருவரும் சட்ட வரலாற்றுத் துறையினர். சொபூலின் நூலை மனத்தில் ஏற்றிக்கொண்டு அதைத் திறந்தவருக்கு வேறொரு நாட்டின் கதையைப் படிப்பது போல இருந்திருக்கும். பாஸ்டில் அதே பாஸ்டில்தான், ஆண்டுகளும் அதே ஆண்டுகள்தான். யாருக்காக, யாரால் என்பது வேறு.

சந்தையில் 1989-ஆம் ஆண்டு நூல் எளிதாகக் கிடைத்தது. சொபூலுக்குப் பத்துக் கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கடைசியில் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி வரலாற்று ஆசிரியர். வார இறுதியில் தன் நூல்களையே விற்கிறார். உள்ளே அவருடைய பென்சில் கோடுகள். "இதை வைத்துத்தான் நான் பாடம் நடத்தினேன். பின்னால் வந்ததையும் படித்தேன். மாணவர்களிடம் இரண்டையும் சொன்னேன்" என்றார். கோடுகளை அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வேகமாகத் தலையசைத்தேன். ஓர் ஆசிரியர் எந்த வரியில் நின்றார், எங்கே கேள்விக்குறி போட்டார் என்பதும் அந்த நூலின் வரலாற்றில் சேர்ந்ததுதான். சேகரிப்பவர்கள் பலர் கோடில்லாத பிரதியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைப் பொறுத்தவரை நான் அதற்கு எதிர்க்கட்சி.

581-ஆம் எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, அது நடந்த இடத்துக்கே போவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். 581 என்பது பாரிஸ் கம்யூன். 1953-ல் எழுதியவர் ழோர்ழ் பூர்ழேன். 1988-ல் எழுதியவர் ழாக் ரூழெரி. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

மேட்டின்மேல் பரந்துகிடக்கும் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில், சுற்றுச்சுவரின் ஒரு பகுதியே நினைவிடம். 1871 மார்ச் 18-ல் பாரிஸ் மக்கள் நகரின் ஆட்சியைக் கையில் எடுத்தார்கள். எழுபத்திரண்டு நாள் அது நீடித்தது. மே மாதக் கடைசி வாரத்தில் வெர்சாயிலிருந்து வந்த அரசுப்படை தெருத் தெருவாக நகரைப் பிடித்தது. கல்லறைகளுக்கு நடுவிலேயே சண்டை நடந்தது. மே 28-ல் 147 பேரை இந்தச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். சுவரில் ஒரு பலகை மட்டும். கீழே யாரோ வைத்த சிவப்பு மலர்கள். எதிர்வரிசையில் நாஜி வதைமுகாம்களில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. அந்த மூலைக்கு வந்ததும் சுற்றுலாப் பயணிகளும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பூர்ழேன் பிறந்தது 1879-ல். அவர் சிறுவனாயிருந்தபோது கம்யூனில் துப்பாக்கி பிடித்தவர்கள் பாரிஸ் தெருக்களில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் பணியாற்றிய அவர், இன்னொருவரோடு சேர்ந்து கம்யூன் மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பதிப்பித்தவர். முதல் தொகுதி 1924, இரண்டாவது 1945. நடுவில் ஓர் உலகப்போர். மன்றத்தில் யார் என்ன பேசினார் என்பதை வரிவரியாக அறிந்த மனிதர் 128 பக்கத்துக்குள் எழுதிய நூல் அது. ரூழெரி வேறு வாசல் வழியாக உள்ளே போனார். கம்யூனுக்குப் பிறகு கைதாகிப் போர் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்ட எளிய மனிதர்களின் விசாரணைக் கோப்புகளைப் படித்தவர் அவர். கொத்தனார், தச்சர், காலணி தைப்பவர், நாள்கூலி ஆள். அவர்கள் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், ஏன் போனார்கள் என்று நீதிபதியிடம் சொன்ன விடைகளிலிருந்து கம்யூனை மறுபடி கட்டினார். இருவரும் ஒரே எண்ணின் கீழ் வந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் பேசியவர்களின் வரலாறு முதலில் வந்தது. பேசாமல் சுடப்பட்டவர்களின் வரலாறு அதன் இடத்தில் பின்னால் வந்து அமர்ந்தது.

அந்த வாரத்தில் எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதே இன்னும் முடியாத வழக்கு. இருபதாயிரம், அதற்கும் மேல் என்பது நெடுங்காலம் எல்லோரும் சொல்லி வந்த கணக்கு. பிரிட்டிஷ் வரலாற்றாளர் ராபர்ட் டூம்ஸ் 2012-ல் அடக்கப் பதிவுகளை ஆராய்ந்து 5,700-க்கும் 7,400-க்கும் இடையில் என்றார். கம்யூனின் நூற்றைம்பதாம் ஆண்டான 2021-ல் மிஷெல் ஓதேன் என்ற கணித அறிஞர், அதே கல்லறைப் பதிவேடுகளையும் பிற ஆவணங்களையும் துருவி, பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்று பதில் எழுதினார். வாழ்நாளெல்லாம் கணிதம் செய்தவர் கடைசிக் காலத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராக எண்ண உட்கார்ந்ததை நினைத்து நான் அந்தச் சுவரெதிரே வெகுநேரம் நின்றேன். எண்ணிக்கை சின்ன விஷயமல்ல. குழியில் பெயரில்லாமல் தள்ளப்பட்டவனுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நீதி அவனைக் கணக்கில் சேர்ப்பதுதான். 581-க்கு இன்னொரு நூல் வந்தால் அதில் எந்த எண் இருக்கும்?

வாந்தோம் ஊருக்குப் போனதை விரிவாக எழுதப் போவதில்லை. மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணிக்கும் குறைவான பயணம். லுவார் என்ற சிற்றாறு பல கிளைகளாகப் பிரிந்து ஊருக்குள் ஓடுகிறது. பால்சாக் சிறுவனாக ஆறாண்டு அடைபட்டுக் கிடந்த விடுதிப் பள்ளி இந்த ஊரில்தான். தீ நாக்குகள் போலக் கல்லைச் செதுக்கி எழுப்பிய திரித்துவ மடாலயத்தின் முகப்பை ஒரு மணி நேரம் பார்த்தாலும் போதாது. நான் போனது வேறு காரணத்துக்காக. என்னிடமுள்ள பழைய பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட இடம் வாந்தோம் என்று இருக்கும். பதிப்பகத்தின் அச்சகம் அங்கேதான் இருந்தது. பாரிஸில் எழுதப்பட்ட பைசாந்தியமும் வெனிசும் இந்தோசீனமும் இந்த அமைதியான ஊரில் எழுத்துக் கோர்க்கப்பட்டு, பாரம் பாரமாக மடிக்கப்பட்டு வண்டியேறின. ஆசிரியர் பெயர் அட்டையில் இருக்கிறது. பதிப்பாளர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அச்சுக் கோர்த்த தொழிலாளிக்கு அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான் கையெழுத்து. அதனால் போனேன். போய்விட்டு வந்ததில் நிறைவு.

அந்தக் கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணை முடிந்து, விளம்பரப் பட்டியல் தொடங்குவதற்கு நடுவில், எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் சட்டப்படி பிரதி ஒப்படைக்கப்பட்டது, எத்தனையாவது பதிப்பு என்ற குறிப்பு வரும். பழையவற்றில் எத்தனையாவது ஆயிரம் என்பதும் தலைப்புப் பக்கத்தில் இருக்கும். நான் ஒரு பிரதியைக் கையிலெடுத்தால் முதலில் திறப்பது அந்தக் குறிப்பைத்தான். ஆசிரியர் ஒருவரே இருந்தாலும் மூன்றாம் பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் நடுவே இறுதி அத்தியாயம் திருத்தப்பட்டிருக்கலாம். பக்கம் 128-ஐ மீற முடியாது. எனவே புதிதாக ஒரு பத்தி சேர வேண்டுமானால் பழையது ஒன்று போக வேண்டும். என்ன போயிற்று என்று ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட ஆழமான வரலாற்றுப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

பாரிஸில் நான் தங்கியிருந்தது லா ஷப்பேலில், ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தோடு. வட ரயில் நிலையத்திலிருந்து ஃபோபூர் சேன் தெனி தெருவழியே நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளாகவே வரும். புடவைக் கடை, நகைக்கடை, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வைத்த மளிகை. ஒவ்வொரு மாலையும் நான் கொண்டு வந்து கொட்டும் ஒல்லிப் புத்தகங்களை அந்த வீட்டுப் பெரியவர் புரட்டிப் பார்ப்பார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, உங்கட ஊர்ச் சரித்திரத்தையும் இவங்கட புத்தகத்திலயோ தேடுறியள்?"

"எங்கட சரித்திரம் இல்லை ஐயா. எங்களைப் பற்றி இவர்கள் எப்போது என்ன நினைத்தார்கள் என்ற சரித்திரம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது தேடத்தான் வேணும். நாங்களும் உப்பிடித் தேட வேண்டிய புத்தகம் கனக்க இருக்கு" என்றார்.

அவர் கேட்டதற்கு முழு விடை 489-ஆம் எண்ணில் இருக்கிறது. 'இந்திய வரலாறு', 1951, ஆசிரியர் பியேர் மெய்ல். பாரிஸ் கீழ்த்திசை மொழிகள் பள்ளியில் இந்தியும் தமிழும் கற்பித்தவர். பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ் அறிமுக நூல் ஒன்றை 1945-லேயே எழுதியவர். பிரான்சின் மாணவனுக்கு இந்திய வரலாற்றை 128 பக்கத்தில் சொல்லும் பொறுப்பு ஒரு தமிழறிஞரின் கையில் இருந்தது என்பதை நம்மவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்? அதே 1951-ல் லூயி ரெனூ இந்து சமயத்தைப் பற்றியும் இந்திய இலக்கியங்களைப் பற்றியும் இந்த வரிசையில் எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955-ல் தொடங்கிய ழான் ஃபிலியோசா 1970-ல் இந்தியத் தத்துவங்களைப் பற்றி எழுதினார். 1996-ல் மிஷெல் புவாவேன் எழுதிய 'இந்திய வரலாறு' வந்தது.

மெய்லின் நூல் வெளியான ஆண்டில் சந்திரநாகூர் இந்தியாவின் கைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கிலும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. ஆக, அந்த நூலின் முதற்பதிப்பு இந்திய வரலாற்றைப் பிரெஞ்சுக் குடிமக்களாயிருந்த தமிழர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. என் தாத்தா காலத்தவர் அதைப் பள்ளி நூலகத்தில் கையில் எடுத்திருக்கலாம். இந்தியாவைப் பற்றி அந்நிய மொழியில், தம் ஆட்சியாளர் தலைநகரில் வெளியான நூல், தெருவைத் தாண்டினால் வேறு நாடு என்ற நாளில்.

மெய்லை நான் சந்தையின் கடைசிப் பலகையில் கண்டெடுத்தேன். முதற்பதிப்பு. தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிர்கிறது. ஒரு பள்ளி நூலகத்தின் கழிவு முத்திரை முதல் பக்கத்தில். விலை ஒரு யூரோ. இன்னும் கிடைக்காதது மாசோனின் 1960-ஆம் ஆண்டு 398 மட்டும். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் விடைபெறும்போது அதைச் சொன்னேன். தெற்கே போங்கள் என்றார். இந்தோசீனத்திலிருந்து திரும்பிய படைக்குடும்பங்கள் பல தூலோன், ஃப்ரெழுயு பக்கம் குடியேறின. அந்த வீடுகளின் அலமாரிகள் இப்போதுதான் காலியாகின்றன என்றார். ஃப்ரெழுயுவில் இந்தோசீனப் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடமும், முதல் உலகப்போரின்போது வியட்நாமியப் படைவீரர்கள் கட்டிய ஒரு பகோடாவும் இருக்கின்றன. ஊர்களின் பெயரை மெய்ல் பிரதிக்குள் செருகியிருந்த துண்டுத்தாளில் அவரே எழுதிக் கொடுத்தார், எந்தக் கிழமையில் எங்கே சந்தை கூடும் என்பதோடு. தூலோன் ரயிலுக்கு மறுநாளே இருக்கை பதிவு செய்தேன்.